சடையின் அடியில் புதுமுடி

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். சடை வளர்ப்பவரின் தலையில் இந்த வளர்ச்சி அடியில்தான் தெரியும். மூன்று மாதத்தில் மண்டையோடு ஒட்டி இரண்டு விரலகலத்துக்குத் திரளாத புதுமுடி சேர்ந்துவிடும். கவனியாது விட்டால் பக்கத்துச் சடைகளின் அடிமுடி ஒன்றோடொன்று சிக்கி, இரண்டு சடை ஒன்றாகிப் போகும்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் சடைச் சாமிமாருக்கு இந்தக் கவலை இல்லை. வாராது விட்ட முடி தானாகத் திரண்ட சடை அது. கதிர்காமத்துப் பெண் அடியார்கள் அதைத் தெய்வம் தந்த கொடையாகவே கருதியதை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியான நூலில் விரிவாக எழுதினார். ஜமேக்காவின் ராஸ்தாஃபாரி மக்கள் வழியாக உலகெங்கும் பரவிய, தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் சடைக்குத்தான் அடிமுடியைப் பேண வேண்டியிருக்கிறது.

ஆபிரிக்க வழியினரின் சுருள்முடி தன்னிலேயே சுற்றிக்கொள்ளும். தமிழரிடையே பெரும்பாலும் காணப்படும் நேர்முடியும் அலைமுடியும் வழுக்கி விலகும். அதனால் இங்கே பின்னல் கூடுதலாக உதவும். சடைகளை மும்மூன்றாகச் சேர்த்து அடியிலிருந்து தளர்வாகப் பின்னினால் புதுமுடி ஒரே திசையில் படிந்து நிற்கும், தலையணையில் உரசிக் கலையாது. ஆனால் பின்னல் முடியைப் பிடித்து வைக்குமே தவிரச் சடையாக்காது. அதற்குக் கொக்கி ஊசியால் சடையின் நுனியை அடிமுடியின் நடுவே நுழைத்து இழுக்க வேண்டும். முதல் தடவை இடமிருந்து வலமாக என்றால் அடுத்தது மேலிருந்து கீழாக. ஒரே திசையில் திரும்பத் திரும்ப இழுத்தால் அடியில் ஓட்டை விழுந்து, சடை அந்த இடத்தில் மெலிந்து அறும்.

பின்னுமுன் தலை சுத்தமாக, முற்றாகக் காய்ந்திருப்பதே எல்லாவற்றிலும் முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அதனால் கிணற்று நீர் கடினமானது. சவர்க்காரம் போட்டால் அந்த நீரில் வெண்கசடு உண்டாகிச் சடைக்குள் தங்கும். சீயக்காய் அப்படிக் கசடு விடாது. ஆனால் தூளை அப்படியே தேய்த்தால் துகள் உள்ளே அடைபடும் என்பதால், அவித்து வடித்த நீரையே பயன்படுத்துவது நல்லது. தேசிக்காய்ச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் நிற்கக்கூடாது. சாறு பட்ட தோல் வெந்து கறுக்கும். வெள்ளி, சனி முழுக்குக்கு வைக்கும் நல்லெண்ணெயும் அளவோடுதான் இருக்க வேண்டும். எண்ணெய் ஊறிய அடிமுடி திரளாது, புழுதியையும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரம் உலராமல் பின்னிவிட்டால் இரண்டு நாளில் மணம் வரும், தலைத்தோலில் பூஞ்சணம் பெருகும். துவாயால் ஒற்றி எடுத்து, அடியை விரலால் பிரித்துக் காற்றோட்டத்தில் உலர்த்திய பிறகே பின்னலாம்.

ஒரே பின்னலை வாரக்கணக்கில் வைத்திருக்காமல் இடையிடையே அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு சடையின் அடியையும் பக்கத்துச் சடையிலிருந்து பிரித்துவிடுவது அவசியம். பின்னிய அன்றிரவே தலை வலித்தாலோ, நெற்றியோரம் சிறு கொப்புளங்கள் கிளம்பினாலோ பின்னல் இறுக்கம். உடனே அவிழ்த்துவிட வேண்டும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னும் முடி மெலியத் தொடங்கினால் மாதக்கணக்கில் பின்னாமல் விடுவதே வழி. ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். வருடக்கணக்கில் இழுபட்டு மயிர்க்கால் தழும்பாகிவிட்ட இடத்தில் வளராது.