பேராசையாம் பேராசை!

"ஆசைப்பட்டீங்க, அனுபவிக்கிறீங்க."

எங்க அத்தையைப் பார்த்து ஒரு அதிகாரி சொன்னது இது. எந்த அலுவலகம், என்ன பதவி என்பதெல்லாம் வேண்டாம் விடுங்கள். ஜெராக்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் எல்லாம் வரிசையாக வந்தது. (நமக்கு எப்பவும் அப்படித்தானே!)

அத்தை வீடு கோவில்பதாகையில். மாமா ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அத்தை மாதம் 500 ரூபாய் வீதம் ஒரு ரிசார்ட் கம்பெனிக்குக் கட்டி வந்தார். வசூலுக்கு வந்தது கோட்டு சூட்டு போட்ட ஆசாமி இல்லை, பக்கத்துத் தெரு டெய்லர் அண்ணன். பாண்டு பேப்பரில் பனிமலை படம், அடிவாரத்தில் ஓட்டல். அத்தை திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. "பனிமலையில உனக்கு என்ன அத்தை வேலை?" என்று கேட்டால், "அது சும்மா படம்டா. ஆறு வருஷம் முடிஞ்சா போஸ்ட் ஆபீஸை விட கொஞ்சம் கூட வரும்" என்பார். கொஞ்சம் கூட. அவ்வளவுதான் அந்தப் பேராசை.

ஆறாவது வருஷம் கம்பெனி பூட்டிக் கிடந்தது. டெய்லர் அண்ணனும் தன் பணத்தையும் இழந்து, தெருவில் தலைகாட்ட முடியாமல் வீடு மாற்றிப் போய்விட்டார்.

அத்தை மாட்டியது ஒரு குட்டிக் கம்பெனி. இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டியது மும்பையின் பான்கார்டு கிளப்ஸ். ஓட்டலில் "அறை இரவுகள்" விற்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். தங்கினால் தங்கலாம், தங்காவிட்டால் சில வருஷம் கழித்து கூடுதலாகப் பணம் திரும்ப வரும். இதில் சூட்சுமம் என்னவென்றால், ரசீதில் டெபாசிட் என்ற வார்த்தையே இருக்காது. கேட்டால் "நாங்க ரூம்தான் விக்கிறோம் சார்" என்பார்கள். 2014-ல் செபி இதை நிறுத்தச் சொன்னது. 2016 பிப்ரவரியில் இறுதி உத்தரவு: சுமார் 51 லட்சத்து 55 ஆயிரம் பேரிடம் வாங்கிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடு. மேல்முறையீடு 2017-ல் தள்ளுபடி ஆனது. 2022-ல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது.

கால்குலேட்டரை எடுங்கள். 7,035 கோடியை 51.55 லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சுமார் 13,600 ரூபாய். ஒரு சுமாரான செல்போன் விலை. இதற்குப் பெயர் பேராசை என்றால், வருஷா வருஷம் தீபாவளிச் சீட்டு கட்டும் அத்தனை பேரும் பேராசைக்காரர்கள்தான்!

சட்டம் இல்லையா? பேஷாக இருந்தது. 1990-களில் தேக்கு மரம் வளர்த்துக் கோடீஸ்வரன் ஆகலாம் என்று விளம்பரம் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நமக்கு இல்லை, அப்பாக்களைக் கேளுங்கள். நம்ம சென்னையின் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்தது. பலரிடம் பணத்தைத் திரட்டி, லாபம் தருவதாகச் சொல்லி, நிர்வாகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம், செபியில் பதியாமல் நடத்தக் கூடாது என்று 1999-ல் விதி வந்தது. மரமோ ரூமோ, விதி ஒன்றுதான். 1999-க்கும் 2014-க்கும் நடுவே பதினைந்து வருஷம். ஒரு குழந்தை பிறந்து பத்தாவது பரீட்சை எழுதுகிற காலம்.

இன்னொன்று. அத்தை ஒன்றும் விசாரிக்காமல் பணம் கட்டவில்லை. "கம்பெனி ரிஜிஸ்தர் ஆனதா?" என்று கேட்டார். ஆனதுதான், நம்பரோடு காட்டினார்கள். கம்பெனியாகப் பதிவது வேறு, ஜனங்களிடம் பணம் திரட்ட அனுமதி வாங்குவது வேறு. இந்த வித்தியாசம் பி.காம் படிக்கிற எனக்கே மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது.

"படிக்காத சனம், அதான் ஏமாறுது" என்பவர்கள் கொஞ்சம் அமெரிக்கா வரை வாருங்கள். வெர்மான்ட் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஜே பீக் என்று ஒரு பனிச்சறுக்கு ரிசார்ட். ஈபி-5 என்ற விசாத் திட்டத்தில் அப்போது 5 லட்சம் டாலர் போட்டு, அதனால் பத்துப் பேருக்கு வேலை கிடைத்தால் கிரீன் கார்டு. 70-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 800-க்கும் மேற்பட்டோர் போட்டார்கள். வக்கீல் வைத்து, பத்திரம் படித்து, கையெழுத்துப் போட்டவர்கள். திட்டத்தை மேற்பார்வை பார்த்ததே மாநில அரசின் அலுவலகம். கடைசியில் 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டபோது சொன்னது: 35 கோடி டாலருக்கு மேல் திரட்டியதில் 20 கோடிக்கு மேல் தவறாகப் பயன்படுத்தப்பட்டது. முதலாளி ஏரியல் கிரோஸ் அந்த ரிசார்ட்டை வாங்கியதிலேயே முதலீட்டாளர் பணம் இருந்தது. நியூயார்க்கில் சொகுசு வீடும் அப்படியே. பக்கத்து ஊர் நியூபோர்ட்டில் கட்டடம் கட்டுகிறோம் என்று கடைத்தெருவையே இடித்துப் போட்டு, பள்ளம் மட்டும் மிஞ்சியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். பணம் புழங்கிய தரகு நிறுவனம் ரேமண்ட் ஜேம்ஸ் 2017-ல் 15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2022-ல் கிரோஸுக்கு ஐந்து வருஷம் சிறை. அதே வருஷம் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் ரிசார்ட்டை 7.6 கோடி டாலருக்கு விற்றார். 2023-ல் வெர்மான்ட் அரசே வழக்கை முடிக்க 1.65 கோடி டாலர் தந்தது. எல்லோருக்கும் முழுசாகக் கிடைத்ததா? இல்லை. ஆனால் மேற்பார்வை பார்த்தவனின் பாக்கெட்டிலிருந்தும் பணம் வந்தது. இங்கே மேற்பார்வை பார்த்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "ஆசைப்பட்டீங்க" என்கிறார்.

"அப்போ ஆருத்ரா?" என்று ஒருவர் கேட்பீர்கள். மாதம் 25, 30 சதவீதம் தருகிறோம் என்று சொன்னதாகப் புகார், சுமார் ஒரு லட்சம் பேர், 2,400 கோடி ரூபாய்க்கு மேல். சரி, அந்த வட்டியை நம்பியதில் ஆசை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னை நகரத்துக்குள்ளேயே ஆபீஸ் போட்டு, ஊர் ஊராகக் கிளை திறந்தார்களே, அந்த போர்டைப் படிக்க வேண்டியது ஜனம் மட்டும்தானா? நிதி நிறுவனங்களில் டெபாசிட் போட்டவர்களைக் காக்க 1997-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. 2019-ல் மத்திய அரசும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. ஆருத்ரா வெடித்தது 2022-ல்.

அத்தையின் பாண்டு இன்னும் பீரோவில், கல்யாண போட்டோவுக்கு அடியில் இருக்கிறது. வரும் திங்கள்கிழமை மறுபடியும் அந்த ஆபீஸுக்குப் போகிறோம். இந்தத் தடவை நான் பேசுவதாக ஏற்பாடு.