குற்றவாளி மழையா?

தோழனே,

மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நாட்டு அதிகார வர்க்கத்துக்கு ஆண்டுதோறும் நடத்தும் சடங்காகிவிட்டது. வீடு மூழ்கினால் மழை குற்றவாளி. பாலம் சரிந்தால் ஆறு குற்றவாளி. குப்பம் அழிந்தால் கடல் குற்றவாளி! தீர்ப்பு எழுதும் கை எது என்று பார்த்தால், கால்வாயைக் குறுக்கிய கை. பள்ளத்தில் வீடு கட்டிக் கொடுத்த கை. சாம்பலைக் கழிமுகத்தில் கொட்டவிட்ட கை. குற்றம் சாட்டப்பட வேண்டியவரே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்திருக்கும் இந்த விந்தையை வேறு எந்த மன்றத்தில் காண முடியும்?

2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சுற்றி வட்டமிட்டது. பெரம்பூரும் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் பட்டாளமும் நாட்கணக்கில் நீருக்குள் நின்றன. மின்சாரம் இல்லை, பால் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை; கால் வைக்குமிடமெல்லாம் தண்ணீர்! ஓட்டேரி நல்லா கரை மீறியதென்றனர். கரை மீறியது கால்வாயா, கால்வாயின் கரைக்குள் புகுந்த கட்டடமா? இந்தக் கேள்வியை எழுப்பியோர் சிலர். பதில் சொன்னோர் அவரினும் சிலர்.

நிவாரணம் வந்தது. குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வந்தது. பசித்தவனுக்குச் சோறு போட்டவரை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் அடுத்த மழையிலும் அதே வீடு மூழ்குமானால், அதே தாய் அதே கட்டிலின்மேல் குழந்தையை ஏந்தி நிற்பாளானால், அந்த நிவாரணத்துக்கு நிவாரணம் என்று பெயரா, தவணை என்று பெயரா?

வெள்ளத்தின் நடுவே நின்று ஒரு குடிமகன் கேட்பதாக எண்ணிப் பார், தோழனே!

"ஐயா, கால்வாயைத் தூர் வாருவது யார்?"

"நீர்வளத் துறை."

"தெருவின் வடிகால்?"

"மாநகராட்சி."

"கழிவுநீர்?"

"குடிநீர் வாரியம்."

"தண்டவாளத்தின் அடியிலே போகும் மதகு?"

"ரயில்வே."

"என் வீட்டுக்குள் வந்திருக்கிறதே, இந்தத் தண்ணீர்?"

"அது இயற்கை!"

ஆக்கத்துக்கு ஆயிரம் உரிமையாளர், அழிவுக்கு மட்டும் இயற்கை பொறுப்பாளி. வளர்ச்சிப் பணி ஓர் அலுவலகத்தில், பேரிடர்ப் பணி இன்னோர் அலுவலகத்தில். முன்னவர் கட்டுவார், பின்னவர் படகு அனுப்புவார். இருவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமலே ஓய்வு பெறுவார்கள்!

இது வெறும் வசை என்பாரும் உண்டு. ஆகவே சாட்சிகளை அழைக்கிறேன்.

முதல் சாட்சி, பக்கிங்காம் கால்வாய். 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்ட கால்வாய் அது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மக்களை வாட்டியபோது, பசித்த கூலிகளைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். பேரிடரின் நடுவே வளர்ச்சிப் பணி! அந்நியன் ஆண்டபோது, எலும்பும் தோலுமானவர்கள் தோண்டிய வாய்க்கால் அது. சுதந்திர நாடு அதற்குச் செய்தது என்ன? பறக்கும் ரயில் அமைக்கும்போது, கால்வாயின் வயிற்றிலேயே தூண்களை நட்டது! 1997இல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. ரயில் வேண்டும், வேண்டாமென்பவர் எவருமில்லை. ஆனால் ரயில் கட்டியவரின் கணக்கில் பயணி இருந்தார், பயண நேரம் இருந்தது, பணம் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீரோ தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும்!

இரண்டாம் சாட்சி, திருவொற்றியூர் கார்கில் நகர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையை விழுங்கியது. வீடிழந்த மீனவ மக்களுக்குத் தற்காலிகக் கொட்டகைகள் அங்கே எழுந்தன. எழுந்த நிலமோ பள்ளம். 2005இன் மழையில் கொட்டகைகளை நீர் சூழ்ந்தது. கடலுக்குத் தப்பியவனை மழையிடம் ஒப்படைத்தார்கள்! இரக்கம் இருந்தது, பணம் இருந்தது. இந்த இடத்தில் மழை பெய்தால் என்னாகும் என்ற ஒரே ஒரு கேள்வி இருந்திருக்கவில்லை.

மூன்றாம் சாட்சி, செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும். ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி ஏழைகளை நகரின் நடுவிலிருந்து பெயர்த்தார்கள். எங்கே குடியேற்றினார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்விடத்தில்! 2015 வெள்ளம் வந்தது. ஆபத்திலிருந்து மீட்கப்பட்டவர்களைத் தேடி ஆபத்தும் அங்கே வந்து சேர்ந்தது. வேலை துறைமுகத்தில், வீடு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், வெள்ளம் வாசலில்: இதற்குப் பெயர் மறுவாழ்வாம்!

நான்காம் சாட்சி, எண்ணூர். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் மிதந்து வந்தது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்லிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் இறங்கி, வலையில் படிந்து, படகில் படிந்து, அலையாத்திச் செடியின் வேரில் படிந்தது. அதை அள்ள மீனவர்கள் வாளியோடு இறங்கினார்கள். அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், அதே எண்ணூரில், உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். எந்தத் திசையில் ஓட வேண்டுமென்று, ஆலை எழுந்த நாளிலிருந்து எத்தனை முறை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்னும் எளிய பாடத்தை எந்தப் பள்ளியின் சுவரில் எழுதி வைத்தார்கள்?

இன்னொரு குரல் எழுகிறது. "ஏழைகள் ஏன் கால்வாய்க் கரையில் குடியேறினார்கள்? தவறு அவர்களுடையது" என்கிறார்கள் மாடியிலே வாழும் மேதைகள். துறைமுகத்துக்குச் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்தது. பின்னி ஆலைக்கு நெசவாளி வேண்டியிருந்தது. ரயில்வே பட்டறைக்கும், 1955இல் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் கரங்கள் வேண்டியிருந்தன. கரங்களை அழைத்தவர்கள், அந்தக் கரங்களுக்கு உரியவர் தலை சாய்க்க மேட்டு நிலத்தை ஒதுக்கினார்களா? உழைப்பை மேட்டிலே வாங்கி, உழைப்பாளியைப் பள்ளத்திலே தள்ளிவிட்டு, பள்ளத்தில் ஏன் இருக்கிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"எல்லாவற்றுக்கும் ஆபத்தைக் கணக்கிட்டால் வளர்ச்சி தாமதமாகுமே" என்று இன்னொருவர் கவலைப்படுகிறார். ஒடிசாவைப் பாரும் ஐயா! 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்கள் மாண்டன. அந்த ஆண்டே பேரிடருக்கென்று தனி அமைப்பு கண்டது அம்மாநிலம். கடலோரத்தில் புயல் காப்பிடங்களைக் கட்டியது. அவை புயலுக்காகக் காத்துப் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் அல்ல. பல இடங்களில் அவையே பள்ளிக்கூடங்கள். உயரமான தூண்களின் மேல் வகுப்பறை! கல்வித் துறையின் செங்கல்லே உயிர் காக்கும் செங்கல்லாயிற்று. 2013இல் பைலின் புயல் வந்தது. சுமார் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். மாண்டவர் ஐம்பதுக்கும் குறைவு. பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! ஒடிசாவின் வானம் இரக்கம் கொள்ளவில்லை. ஒடிசாவின் திட்டம் திருந்தியது.

தோழனே, நாம் கேட்பது சலுகையன்று, சட்டம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவை எடுத்துப் படி. மாநில அரசின் ஒவ்வொரு துறையும் தன் வளர்ச்சித் திட்டங்களுக்குள்ளேயே பேரிடரைத் தடுக்கும், தணிக்கும் நடவடிக்கைகளை இணைக்க வேண்டும். அதற்கு நிதியும் ஒதுக்க வேண்டும் என்கிறது. மத்திய அமைச்சகங்களுக்கும் 36ஆம் பிரிவு அதையே விதிக்கிறது. 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் கூடிய உலக நாடுகளும் 2030 வரைக்குமான உறுதிமொழியாக இதையே ஏற்றன. ஏட்டிலே சட்டம் கம்பீரமாக நிற்கிறது. தெருவிலே நாம் இடுப்பளவு நீரில் நிற்கிறோம்!

நல்ல தொடக்கமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் வெள்ளத் தடுப்புக்கென ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 588 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மழைநீர் வடிகால்கள் என்பது திட்டம். வரவேற்போம். ஆனால் வடிகால் போய்ச் சேரும் இடம் எது? கால்வாயும் கழிமுகமும். அந்தக் கழிமுகத்திலே அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது. வாய் திறந்து, தொண்டை அடைபட்டவனுக்கு எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் வெளியேதானே வழியும்! ஒரு துறை வடிகால் தோண்டும்போது இன்னொரு துறை கழிமுகத்தை மூடுமானால், கடனும் நம்முடையது, வெள்ளமும் நம்முடையது.

தொண்டு நிறுவனங்களுக்கும் இதே சொல்தான். தையல் பொறி வழங்குகிறீர்கள்; நீர் ஏறாத மேடையொன்றையும் சேர்த்து வழங்குங்கள். அடிகுழாய் அமைக்கிறீர்கள், வெள்ள மட்டத்துக்கு மேலே அமையுங்கள். சங்கத்துக்குக் கடன் தருகிறீர்கள்; படகுக்கும் வலைக்கும் காப்பீட்டையும் சேருங்கள். குழந்தைகள் மையம் கட்டுகிறீர்கள்; மாடியோடும் கழிப்பறையோடும் கட்டுங்கள். அந்த மாடிதான் ஒரு நாள் தெருவையே தாங்கும்.

இனி உன் பணி என்ன? வெள்ளம் வந்த பிறகு அரிசிப் பொட்டலத்தோடு ஓடுவதில் நம் தோழர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெள்ளத்துக்கு ஆறு மாதம் முன்பாகக் காகிதத்தோடு ஓடவும் நாம் கற்க வேண்டும். 2022 முதல் நகர்ப்புறத்தில் பகுதி சபை என்றொரு மேடை இருக்கிறது. அங்கே போ. உன் வட்டத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும், சாலைக்கும், ஆலைக்கும் ஐந்து கேள்வி கேள்: இது நிற்கும் இடம் நீரின் வழியா? 2015இலும் 2023இலும் இங்கே நீர் எவ்வளவு உயரம் நின்றது? இதனால் அண்டைத் தெருவுக்கு நீர் திரும்புமா? ஆபத்து நேர்ந்தால் மக்களுக்கு யார், எப்படி, எவ்வளவு நேரத்தில் அறிவிப்பார்? பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? பதில் வரும்வரை கேள். பதிலை எழுத்தில் கேள். எந்தக் கட்சியின் ஆட்சி என்று பாராமல் கேள். தண்ணீர் கொடியின் நிறம் பார்த்து வருவதில்லை!

சாலையை உயர்த்தும்போதே வீட்டு வாசலை நினைக்காத பொறியாளருக்கு, படகு ஓட்ட மட்டும் மனம் வரும் என்பதை இனியும் பொறுப்பதற்கில்லை. வடசென்னையின் உழைப்பாளி கேட்பது கண்ணீர் துடைக்கும் கைக்குட்டையை அன்று, வடிகாலின் வரைபடத்தை! அதை மேசைமேல் விரிக்கச் சொல். விரித்த பிறகு சொல்லட்டும், குற்றவாளி மழையா என்று.