அழுதால் ஆயிற்றா?

உபவாசக் கூட்டம் முடிகிற நேரம். கீபோர்டு ஒரே சுருதியில் நிற்கும். போதகரின் குரல் மெல்ல இறங்கும். தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முவார்கள். உடனே மைக்கில், "பிரசன்னம் இறங்கிவிட்டது!" என்று அறிவிப்பு வரும். அழுதவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாரம் இறங்கியவர்களாக வீட்டுக்குப் போவார்கள். பாரத்தைச் சுமத்தியவர் யார், சுமந்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மனம் உருகினால் அதுவே மனந்திரும்புதல், அந்த உருக்கமே தேவ பிரசன்னம் என்பது நம் சபைகளில் கேள்வி இல்லாமல் உட்கார்ந்துவிட்ட நம்பிக்கை. அது தவறு.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். "நடந்தால் பாவம் போகுமா?" என்று நம் பிரசங்கிகள் கேலி செய்யாத மேடை குறைவு. அழுதால் மட்டும் போகுமா? அவர்களுடைய கால் வலி நமக்குச் சிரிப்பாக இருக்கிறது, நம்முடைய தொண்டைக் கட்டு மட்டும் ஆவிக்குரிய அனுபவம் ஆகிவிடுகிறது.

வேதத்தைத் திறந்தால் சவுல் ராஜா இருக்கிறான். எங்கேதி குகையில் தாவீது தன்னைக் கொல்லாமல் விட்டான் என்று தெரிந்ததும் சத்தமிட்டு அழுதான், நீ என்னிலும் நீதிமான் என்று ஒப்புக்கொண்டான். நம் கூட்டமாக இருந்தால் அன்றைக்கே சாட்சி சொல்ல மேடையேற்றியிருப்போம். இரண்டே அதிகாரம் தள்ளிப் பாருங்கள், அதே தாவீதைப் பிடிக்க 3000 பேரோடு அதே சவுல் புறப்படுகிறான்.

எரிகோவின் சகேயு அழுததாக லூக்கா எழுதவே இல்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று அவன் பேசியதெல்லாம் கணக்கு. ஆயக்காரனுக்குத் தெரிந்த பாஷை அதுதான். அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்று இயேசு அறிவித்தது அதன் பிறகு. "அப்படியானால் கிரியையால் இரட்சிப்பா?" என்று கேட்பார்கள். இல்லை. அவன் ஒரு காசு கொடுக்கும் முன்பே, மரத்தின் மேல் இருந்தவனைப் பார்த்து, உன் வீட்டில் தங்குகிறேன் என்று இயேசு சொல்லிவிட்டார். பிரசன்னம் கூலியாக வரவில்லை, விருந்தாளியாக முந்தி வந்தது. வந்தவரை வைத்துக்கொண்டு பழைய வரிக் கணக்கை எழுத அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். கீபோர்டை வாசித்துப் பிரசன்னத்தை வரவழைக்கப் பார்க்கிறவர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள்.

உருக்கம் மனந்திரும்புதல் ஆகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பக்கத்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எறையூர் 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும், பொதுப் பாதையில் சவத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டுவந்தார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் அதே ஞானஸ்நானம் பெற்ற வன்னியக் கிறிஸ்தவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 23. அதாவது அது தவக்காலத்து ஞாயிறு. நெற்றியில் சாம்பல் பூசி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. (நம் சபையில் சாதி இல்லை என்று புராட்டஸ்டண்டுகள் நிமிர வேண்டாம். வரன் பார்க்கும்போது முதலில் என்ன விசாரிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.)

உண்மையாகவே அழுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பேதுருவும் அழுதான். ஆனால் பிறகு, இயேசுவை மறுதலித்த அதே எருசலேமில் அவருடைய பெயரை வெளிப்படையாகச் சொல்லி அடி வாங்கினான். பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னவர் இயேசு. அழுது முடித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

போதகர்களே, அடுத்த உபவாசக் கூட்டத்தைப் பாதியில் நிறுத்துங்கள். வேலைக்காரிக்குச் சம்பள பாக்கி வைத்திருப்பவர், தங்கையின் பங்கு நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டவர், கந்துவட்டி வாங்குகிறவர் எல்லாரையும் எழுப்பி அனுப்புங்கள். காணிக்கை அன்று குறையும். குறையட்டும்.