பள்ளிக்கு ஓர் ஆள் வேண்டும்

2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் தமிழ்த் தாள். எழுத வராதவர்கள் 50,674 பேர். தாய்மொழித் தேர்வுக்கே அரை லட்சம் பேர் வரவில்லையா என்று தமிழகம் அதிர்ந்து பேசியது. அவர்கள் யார் என்று சற்றே பின்னோக்கிப் பார்த்திருந்தால் அதிர்ச்சி குறைந்திருக்கும், வேதனை கூடியிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் அவர்களில் மிகப் பெரும்பாலோர். பத்தாம் வகுப்பின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழித்து, பொதுத்தேர்வே எழுதாமல் ‘ஆல் பாஸ்’ ஆனவர்கள். பிளஸ் ஒன் வகுப்பறையை 2021 செப்டம்பரில்தான் பார்த்தார்கள். வராமற்போனவர்களில் பலர் அந்தத் தேர்வுக்கு வெகுமுன்பே பள்ளியைவிட்டு நின்றிருந்தார்கள்; பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமை போதாது” என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பேச்சு தவறானது. தவறானது மட்டுமல்ல, பெரியவர்களாகிய நம் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது.

அந்தக் கொரோனாக் கால ஒன்றரை ஆண்டு எப்படிப் போனது? வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட கணக்கு, இரவு எட்டரைக்கு அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். பிளஸ் டூ படிக்கும் அண்ணனுக்கு முதல் உரிமை. தங்கையின் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தால் டேட்டா தீர்ந்திருக்கும். மறுநாள் குழுவில், முடித்தவர்கள் போட்டோ அனுப்பியிருப்பார்கள். வரிசையாக மற்றவர்களின் நோட்டுப் பக்கங்கள். அதில் தன் பக்கம் இல்லாததைத் தினமும் பார்த்த பிள்ளைக்கு ஒருநாள் படிப்பே அந்நியமாகிவிட்டதில் வியப்பென்ன? பாடங்களை ஒளிபரப்பிய அரசின் கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சிதான். ஆனால் கடைசி பெஞ்சில் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தொலைக்காட்சி பார்க்காது.

பள்ளி பாடத்துக்கு மட்டுமான இடம் இல்லை என்பது அதை மூடிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. முட்டையோடு கிடைத்த சத்துணவு, ரகசியம் பேச ஒரு தோழி, குடித்துவிட்டு வரும் தகப்பனிடமிருந்து தினம் ஏழு மணி நேரம் விலகியிருக்க ஒரு கூரை, எல்லாம் ஒரே நாளில் போயின. பையன்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். படிப்பு நின்ற பெண்களுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சில வீடுகளில் இரண்டாம் அலை அப்பாவையோ அம்மாவையோ கொண்டுபோயிற்று. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது பாராட்டத் தக்கது. அந்தப் பணத்தோடு, “ராத்திரி தூங்குறியா கண்ணு?” என்று கேட்க ஓர் ஆளும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும்.

அந்த ஆளைப் பற்றியதுதான் இந்தத் தலையங்கம்.

மீண்டெழும் திறன் பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா என்று உளவியலாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளர் தம் குழுவினருடன் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், எல்லாவற்றையும் தாண்டி நல்ல மனிதர்களாக எழுந்து நின்றார்கள். அவர்களிடம் வெர்னர் கண்ட பொதுவான அம்சங்களில் முக்கியமானது, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆசிரியரோ, யாரோ ஒருவர். “எங்கள் காலத்தில் ஆலோசகரா இருந்தார், நாங்கள் வளரவில்லையா?” என்று கேட்பவர்கள், தங்களைத் தாங்கிப் பிடித்த அந்த ஒருவரை நினைத்துப் பார்க்கட்டும்.

தமிழகம் இதை அறியாத மாநிலம் அல்ல. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் கற்றல் இழப்பைச் சரிசெய்ய வந்தது. அது தந்தது அதற்கு மேல். மாலையானால் ஏதோ ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, நேற்று வராதவனை “ஏன்டா வரல?” என்று கேட்கும் ஓர் அக்கா கிடைத்தாள். ஆனால் அத்திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. விடலைப் பருவத்தில் தனித்து விடப்பட்டவர்களுக்கு அந்த அக்காவும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335 பேர். 2020இல் 12,526 பேர். 2021இல் 13,089 பேர். ஒவ்வொரு இறப்புக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும், எல்லாவற்றையும் தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்த ஆண்டில் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கும் அதிகமாகக் கூடியதை எளிதாகக் கடந்துபோகவும் முடியாது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை இரவும் பகலும் கிடைக்கிறது. தவிக்கும் எவரும், தவிப்பவரைப் பார்க்கும் எவரும் தயங்காமல் அழைக்கலாம். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், அப்பாவின் போனில், அம்மா அடுப்படியில் நிற்கும்போது, பதினைந்து வயதுப் பெண் அந்த எண்ணை எப்படி அழைப்பாள்? அழைத்த எண் போனில் பதிந்திருக்குமே என்ற பயம் அவளுக்கு இருக்காதா? பெட்டியில் சீட்டு எழுதிப் போடலாம். பெட்டி திரும்பிப் பேசாது.

ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அடுத்த பதில். நல்ல ஆசிரியர்கள் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தம் சொந்த நேரத்தில். ‘எமிஸ்’ எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள் விநியோகம், தேர்ச்சி விகிதம் என்று கழுத்துவரை வேலை வைத்துவிட்டு, மனநலத்தையும் சேர்த்துக் கட்டுவது நியாயமில்லை. தவிர, மதிப்பெண் போடும் அதே ஆளிடம் எல்லாவற்றையும் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள், தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. நூறுக்குக் குறைவாக இருந்தால் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசு இதை அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதலில் தொடங்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் எங்கே என்றால், ஒரு நாள் தன்னம்பிக்கை உரைக்கும் உறுதிமொழிக்கும் பேனருக்கும் ஆகும் செலவிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். அது போதாதுதான். மீதியை நிதிநிலை அறிக்கையில், சத்துணவுக்கு ஒதுக்குவதுபோல, நிலையான செலவாக ஒதுக்க வேண்டும்.

ஆள் நிரந்தரமாக இருக்க வேண்டும்; ஒப்பந்தம் முடிந்து ஆண்டுக்கொருவர் மாறினால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. உடைந்த பெஞ்சு போட்டுவைத்த அறை ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதைக் காலிசெய்து, தாழ்ப்பாள் உள்ள கதவும் இரண்டு நாற்காலியும் போட்டால் போதும். ஒன்றியத்துக்கு ஒருவர் என்று ஆணை போட்டுக் கணக்குக் காட்டுவதை மட்டும் ஏற்க முடியாது. திங்கட்கிழமை காலை ஒரு மாணவி துணிந்து அந்தக் கதவைத் தட்டும்போது, அந்த ஆலோசகர் இருபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.