அவித்த மாவுக்கு மட்டும் விலக்கா?

கண்டியில் இப்போது யாருக்கு வயிறு ஊதினாலும் பழி கோதுமையின் மேல்தான் விழுகிறது. வாய்வா, குளூட்டன். மலச்சிக்கலா, குளூட்டன். பிள்ளை பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா, அதற்கும் குளூட்டன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்கிறார்கள், பஸ்ஸிலும் சொல்கிறார்கள். வைத்தியர் எழுதித் தந்த முடிவைப்போல அடித்துச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்தச் சலிப்பு ஆத்திரமாக மாறியது சென்ற மாதம், கட்டுகஸ்தோட்டையில், அண்ணன் வீட்டில்.

அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் சில மாதங்களாக வயிறு சரியில்லை. பொருமல், ஏப்பம், இடையிடையே வயிற்றோட்டம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பெரிய தொகை கட்டி, எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். கிடைத்தது பல பக்க அறிக்கை. உணவுப் பெயர்களுக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். கோதுமைக்கு எதிரே சிவப்பு. அன்றோடு வீட்டில் பாண் நின்றது. "பாணை விட்ட பிறகு எல்லாருக்கும் வயிறு நல்லா இருக்கு தம்பி" என்றார் அண்ணி, என் தட்டில் இடியப்பத்தை வைத்தபடியே.

இடியப்பம் நல்ல வெள்ளை, மெதுமெதுவென்று இருந்தது. சந்தேகம் வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். துணியில் கட்டி நீராவியில் அவித்தெடுத்த மா, சூடு ஆறாமல் பாளமாக அரிதட்டில் கிடந்தது. அடுத்த ஈட்டுக்காக அண்ணி அதைத் தம்ளரின் அடியால் குத்தி, கட்டி உடைத்து, அரித்துப் போட்டார். அது கோதுமை மா. பேக்கரியில் பாணுக்குப் பிசைகிற அதே கோதுமை மா.

அவித்தால் கோதுமை அரிசியாகிவிடுமா? குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். அவிக்கும்போது மாவின் இழுவைதான் போகிறது. அதனால்தான் உரலில் இலகுவாகப் பிழிய வருகிறது. புரதம் அங்கேயேதான் இருக்கிறது. உண்மையிலேயே குளூட்டன் ஆகாத ஒருவரின் குடலை அவித்த மாவும் அவிக்காத மாவும் ஒரே மாதிரித்தான் கெடுக்கும். ஆக, அந்த வீட்டில் ஒருவரும் குளூட்டனை நிறுத்தவே இல்லை. நிறுத்தாத ஒன்றை நிறுத்தியதால் குணமானோம் என்று சாதிக்கிறார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மா அவிக்கிறார்கள், தோசைக்கும் கரைத்து ஊற்றுகிறார்கள். கடை இடியப்பத்தில் கலக்கவில்லை என்று யார் உத்தரவாதம் தருவது? குரக்கன் ரொட்டியிலும் தட்டிச் சுட வசதியாக ஒரு பிடி கோதுமை மா சேரும். கொத்துக் கடையில் ரொட்டி வேண்டாம், பிரைட் ரைஸ் போதும் என்று விரதம் காப்பவர் தின்னும் சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. குளூட்டனை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் யாராவது வந்து சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டு இடியப்பம் எந்த மா?

அப்படியானால் வயிறு ஏன் சரியானது என்பார்கள். பாணோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் நின்றது என்று பாருங்கள். பின்னேரம் சூன் பாண் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது வாங்கிய மாலு பணிஸ் நின்றது. பட்டிஸ், ரோல்ஸ் நின்றன. மார்ஜரினும் சீனியும் பலமுறை பொரித்த எண்ணெயும் நின்றன. வீட்டில் சமைத்து நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் கிடைத்த நன்மையைத் தூக்கிக் குளூட்டனின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

உலகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனின் குழு 2011இல், குளூட்டனால் வரும் சீலியாக் நோய் இல்லாத சிலருக்கும் குளூட்டன் தொல்லை தரலாம் என்று எழுதியது. உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அதே குழு 2013இல் கட்டுப்பாட்டை இறுக்கி, குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சில மாச்சத்துகளை முதலில் நீக்கிவிட்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று தெரியாதபடி மறுபடி சோதித்தது. குளூட்டனின் பழி ஏறக்குறையக் கழன்றுவிட்டது. 2018இல் நோர்வேயில் 59 பேருக்கு நடத்திய சோதனையில் அதிகம் வயிற்றை ஊதச் செய்தது குளூட்டன் அல்ல, புரக்டான் என்ற மாச்சத்து. அது கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் உள்ளியிலும்கூட இருக்கிறது. பாணை வீட்டுக்குள் விடாதவர்கள் இடியப்பத்தோடு கட்டச்சம்பலை அள்ளித் தின்கிறார்களே, அதில் வெங்காயம் இல்லையா?

பால் தேநீரை ஏன் ஒருவரும் சந்தேகிப்பதில்லை? நமது கண்டியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரையன் செனவிரத்னவும் சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாலிலுள்ள லக்டோஸைச் செரிக்கும் நொதியம் நலமாக இருக்கும் இலங்கையரில் பெரும்பாலானோருக்குக் குறைவு என்று அது காட்டியது. காலையில் பால்மா தேநீர், பத்து மணிக்குப் பால்மா தேநீர், பின்னேரமும் அதே. குடித்துவிட்டு வயிறு ஊதுகிறது என்று பாணைத் திட்டுகிறோம். சொந்த ஊரில் நடந்த ஆய்வு நமக்கு வேண்டாம், வெளிநாட்டுக் காணொளி போதும்.

இனி அந்த நாலு பேர் விடயத்துக்கு வருகிறேன். குளூட்டனால் உண்மையில் வரும் சீலியாக் நோய் பரம்பரையில் ஓடுவது. ஒரு வீட்டில் ஒருவருக்கு அது இருந்தால் பெற்றார், சகோதரர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கே வருகிறது. அண்ணன் கண்டி, அண்ணி பதுளை. சொந்தத்துக்குள் கட்டியவர்கள் அல்லர். கணவனுக்கும் மனைவிக்கும் இரத்த உறவு இல்லை, இருவருக்கும் பொது ஒரு தண்ணீர்க் குழாய். ஒரே காலத்தில் புருஷன், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் வயிறு கெட்டால் தண்ணீரைச் சந்தேகிக்காமல் மாவைச் சந்தேகிப்பவரை என்ன சொல்வது? அவர்கள் குடிப்பது மேட்டிலிருந்து குழாய் போட்டு இறக்கிய ஊற்றுத் தண்ணீர். அந்த மேட்டில் இப்போது வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு மலக்குழி. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தண்ணீரில் வரும். பொருமல், ஏப்பம், விட்டுவிட்டு வரும் வயிற்றோட்டம், இவைதாம் அதன் அடையாளங்கள். வருவதும் அடங்குவதுமாக வாரக்கணக்கில் இழுக்கும். அடங்கிய வாரத்தில் நீங்கள் பாணை நிறுத்தியிருந்தால் பாண்தான் குற்றவாளி என்று தோன்றும். மலப் பரிசோதனைக்கு ஆகும் செலவு அந்த வண்ணக் கட்ட அறிக்கையின் விலையில் ஒரு துணுக்கு. நாலு பேரில் ஒருவருக்கும் அதைச் செய்யவில்லை.

கண்டித் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம் அடங்காது. நகரத்தின் அழுக்கைச் சுமந்துகொண்டு மெத எல கெட்டம்பேப் பக்கம் மகாவலியில் சேர்கிறது. கொஹாகொடைக் குப்பைமேட்டின் கழிவுநீரும் மகாவலிக்குத்தான். 2007இல் கம்பளையில் ஹெபடைடிஸ் ஏ பரவி ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடியதை மறந்துவிட்டோமா? அது மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவும் நோய். தோட்டங்களில் லயத்துக்கு மேலே மாட்டுக் கொட்டில், கீழே பீலி. இதையெல்லாம் கேட்டு நகரசபைக்கும் பிரதேச சபைக்கும் போக வேண்டிய மக்கள் பிஸ்கட் பெட்டியைத் திருப்பிக் குளூட்டன் இருக்கிறதா என்று படித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த வண்ண அறிக்கைக்கும் ஒரு வார்த்தை. அது அளப்பது ஐஜிஜி என்ற பிறபொருளெதிரியை. நீங்கள் அடிக்கடி தின்னும் உணவுக்கு அது உடலில் இருப்பது வழமை. உணவுக்கு எதிரான ஐஜிஜி4 அளவைக் கொண்டு நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. தினமும் கோதுமை தின்னும் ஊரில் கோதுமைக்குச் சிவப்புக் கட்டம் வராமல் வேறு எதற்கு வரும்? ஏழைபாழையின் பயத்தை விற்றுக் காசாக்கும் இந்த வியாபாரத்தை ஏன் எவரும் தடுப்பதில்லை?

சீலியாக் நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. அது கொடிய நோய். சிறுகுடலின் சடைமுளைகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. சத்து உறிஞ்சப்படாமல் பிள்ளை வளர்த்தி குன்றும், இரத்தம் குறையும். நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காத நேரம் இந்தப் பிள்ளைகள் தேறியதையும் கண்டார். அப்போதும் அவசரப்படவில்லை. கோதுமையை நிறுத்தினார், மறுபடி கொடுத்தார், மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தார். அதன் பிறகே 1950இல் ஆய்வேட்டை எழுதினார். இத்தனை வருடம் ஒரு மனிதர் பாடுபட்டு நிறுவியதை நம்மவர் ஒரே இரவில் தமக்குத் தாமே தீர்மானித்துவிடுகிறார்கள்.

நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வடக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். தெற்கில் ஏறத்தாழப் பத்தாயிரத்துக்கு ஒருவர். நம் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறினார்கள்?

அந்தப் பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் நம்முடைய இந்த மோகம் மிகப் பெரிய துரோகம் செய்கிறது. குளூட்டன் ஆகாது என்று அவர் உண்மையாகவே சொல்லும்போது பந்தி பரிமாறுபவர் "இதுவும் ஒரு ஸ்டைல்" என்று நினைத்து, கோதுமை கலந்த இடியப்பத்தையே வைப்பார். நமக்கு அது பலகாரம், அவருக்குக் குடல் புண். இன்னொரு கேடும் உண்டு. நோயைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் இரத்தப் பரிசோதனையும், உள்நோக்கிக் குழாய் விட்டுக் குடலில் துணுக்கெடுக்கும் பரிசோதனையும், கோதுமை தின்றுகொண்டிருப்பவரிடம்தான் சரியாகக் காட்டும். மாதக்கணக்கில் கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். தானாகப் பத்தியம் இருப்பவர்கள் தங்கள் நோயைத் தாங்களே மறைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்குச் சுடுகிற விடயம். கோதுமை ரொட்டி விஷம் என்று நகரத்தில் குடியேறிய நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பங்கீட்டு மாவாகவும் உதவி மாவாகவும் அது தோட்டத்துக்கு வந்தது. 1973-74 பஞ்சத்தில் அந்த மாவும் போதாமல் மலைநாட்டில் நம் சனம் பட்டினியால் செத்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகும் கொழுந்துக்குப் போகிறவரின் பகல் சாப்பாடு ரொட்டியும் சம்பலும்தான். அது மட்டுமே தின்றால் சத்துப் போதாது, உண்மை. அந்தக் குறை கூலியில் இருக்கிறது, சுகாதாரமற்ற லயத்தில் இருக்கிறது. அரைவயிற்றோடு மலையேறிய தலைமுறையின் ரொட்டியை நஞ்சு என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் விலைக்குக் குளூட்டன் இல்லாத பிஸ்கட் வாங்குகிறார்கள். அரிசி, குரக்கன், கௌபி, பயறு, உழுந்து எதிலுமே குளூட்டன் இல்லை. அதற்கு வெளிநாட்டுப் பெட்டி எதற்கு?

வீட்டில் வயிறு சரியில்லையென்றால் பாணை நிறுத்தாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே கண்டிப் பெரியாஸ்பத்திரியிலோ பேராதனையிலோ காட்டுங்கள். மலப் பரிசோதனையை முதலில் கேளுங்கள். பிள்ளை வளரவில்லை, மெலிகிறது, இரத்தம் குறைகிறது என்றால் டிரான்ஸ்குளூட்டமினேஸ் பரிசோதனை வேண்டுமா என்று வைத்தியரிடமே கேளுங்கள். முடிவு வரும்வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.