மரக்காலுக்கும் ஊர் உண்டு

முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் லிட்டரும் கிலோவும் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் ஆழாக்கும் உழக்கும் படியும் மரக்காலும் சேர்த்தேன். இன்று என் அலமாரியில் 43 அளவைகள் இருக்கின்றன. அவற்றில் 19-க்கு மட்டுமே எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். மீதி 24-ஐ நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், பர்மாத் தேக்குத் தூண்கள், நிலையோடு பெயர்த்த கதவுகள் என்று செட்டிநாட்டு வீடுகளே துண்டு துண்டாக அங்கே வந்து கிடக்கின்றன. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பங்காளிகள் பத்துப் பேர், மழைக்கு ஒழுகும் ஓடு, வெளியூரில் பிழைக்கும் பிள்ளைகள். அத்தனை பெரிய வளவைக் கட்டிக் காப்பது லேசான காரியம் இல்லை.

என் வருத்தம் வேறு. ஒருநாள் ஒரு கடையில் பித்தளைப் பூண் போட்ட மர மரக்கால் ஒன்றைக் கையில் எடுத்தேன். தலைதட்டித் தலைதட்டி விளிம்பில் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை அறுவடையின் நெல் அதில் ஏறி இறங்கியதோ! பூணைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் வெட்டியிருந்த இடத்தில் அரம் போட்ட கீறல்கள். விலாசம் என்னும் குடும்ப முன்னெழுத்துகளில் ‘ராம’ என்ற இரண்டு எழுத்து மட்டும் தப்பியிருந்தது. “பேர் இருந்தா வாங்குறவங்க யோசிக்கிறாங்க சார், அதான் ராவிட்டோம்” என்றார் கடைக்காரர். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன். லாரியில் மொத்தமாக வந்ததாகச் சொன்னார்.

பெயரும் ஊரும் போனால் என்ன, பொருள் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அளவையைப் பொறுத்தவரை ஊர் போனால் பாதிப் பொருள் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் ஓர் ஊர்ப் படி அடுத்த ஊர்ப் படிக்குச் சமமாக இருந்ததில்லை. என்னிடம் உள்ள இரண்டு மரக்கால்களில் ஒன்று கொண்ட நெல்லை மற்றொன்றில் கொட்டினால் வழிகிறது. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். பழைய பத்திரத்தில் ‘குத்தகை 40 கலம்’ என்று எழுதியிருந்தால் அது 480 மரக்கால். மரக்காலுக்கு அரைப்படி வித்தியாசம் என்றாலும் 240 படி நெல் கூடும், அல்லது குறையும். உழுதவன் வீட்டில் உலை கொதித்ததா இல்லையா என்பதே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு நெல் அளவைச் சொல்லும்போது ‘ஆடவல்லான் என்னும் மரக்கால்’ என்று மரக்காலின் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. எந்த மரக்கால் என்று சொல்லாத கணக்கு கணக்கே இல்லை என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாமி சிலைகள் விஷயத்தில் ஊர் தெரியாமல் போவது இன்னும் கடுமையானது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் பொய்க் காகிதங்களோடு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். கொடுத்த விலை 50 லட்சம் டாலருக்கும் மேல். அவர் ஸ்ரீபுரந்தானுக்கு உரியவர் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014-இல் அவர் நாடு திரும்பினார். ஊர் இன்னது என்று யாரோ ஒருவர் பதிந்து வைத்ததால்தான் அது நடந்தது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களைப் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஆனால் மரக்காலுக்கும் தூக்குச்சட்டிக்கும் எந்த அதிகாரியும் வந்து பதிவேடு எழுதப் போவதில்லை. அவற்றுக்கு நாம்தான் பதிவேடு.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் ஒரு சின்ன அட்டையில் வாங்கிய தேதி, எந்த ஊர், என்ன வேலைக்குப் பயன்பட்டது, விற்றவர் சொன்ன செய்தி இவற்றை எழுதி, நூலில் கோத்துப் பொருளிலேயே கட்டிவிடுகிறேன். குடும்பப் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று விற்பவர் நினைத்தால் ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

பழம்பொருள் வாங்கும் அன்பர்களே, விலை பேசுவதற்கு முன்னால் “இது எந்த ஊர்?” என்று கேளுங்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தைத் தயங்காமல் வாங்குங்கள். வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தால் கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிடுவார்.