தோத்ததுக்கா கோபம்?

தாயம் விளையாடினவங்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். பாட்டியோட மூணாவது காய் பாதிக் கட்டம் தாண்டிடும். நம்ம காய் இன்னும் வெளியிலேயே கிடக்கும், ஏன்னா தாயம் விழல. அதை மூணு மணி நேரத்துக்கு நீட்டிப் பாருங்க. போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல் ரூம்ல என் நண்பன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

நாங்க ஆடுறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ஆட்டம். தெரியாதவங்களுக்கு: கதையை நடத்துறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப் போறோம்னு வாயால சொல்லணும். அது நடக்குமான்னு சந்தேகம் வந்தா இருபது பக்கப் பகடையை உருட்டணும். எங்க குரூப்ல ஆடுறவங்க அஞ்சு பேர், டிஎம் நான்.

நண்பனோட பாத்திரம் ஒரு திருடன். அன்னிக்குப் பூட்டைத் திறக்க உருட்டினான், 4. "திறக்கல"ன்னேன். மறுபடி உருட்டினான், 7. "திறக்கல." சண்டையில நாலு சுற்று, நாலு அடியும் படல. கடைசியா, காவல்காரனுக்கு லஞ்சம் கொடுத்து வேற வழியா உள்ள போகலாம்னு சொன்னான். நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு நாள் உட்கார்ந்து நான் வரைஞ்ச சுரங்க மேப் என்ன ஆகுறது? "அவன் லஞ்சம் வாங்க மாட்டான்"னு ஒரே வரியில முடிச்சுட்டேன். அவன் போனை எடுத்தான். அடுத்த வாரம் ரெக்கார்ட் எழுதணும்னான். அதுக்கடுத்த வாரம் காரணம்கூடச் சொல்லல.

தோக்கத் தெரியாதவன்னு நினைச்சேன். கேன்டீன்ல ஒரு நாள் அவனே வாயைத் திறந்தான்: "தோத்தது பிரச்சனை இல்லடா. நான் அங்க இல்லாட்டியும் உன் கதை அப்படியேதான் போயிருக்கும்."

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எதிரியை அடிக்க எல்லாருக்கும் 13 அல்லது அதுக்கு மேல விழணும். ஒரு அடி தவற 60 சதவீத வாய்ப்பு. நாலும் தவற சுமார் 13 சதவீதம். அஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது இப்படி ஆக? கிட்டத்தட்ட 50 சதவீதம்! அதாவது, ரெண்டு சண்டைக்கு ஒரு சண்டையில யாரோ ஒருத்தர் எதுவும் செய்யாம உட்கார்ந்திருக்கப் போறார். இதை ராசி மேல போட முடியாது. டிஎம் முன்கூட்டியே யோசிச்சு வைக்க வேண்டிய விஷயம்.

பகடையை மறைச்சு உருட்டி, நம்பரை மாத்திச் சொல்லுன்னு சில பேர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு தடவை மாட்டினா போதும், அவன் உண்மையாவே ஜெயிச்சதைக்கூட அப்புறம் நம்ப மாட்டான்.

பகடை தோக்கலாம். ஆனா "ஒண்ணும் நடக்கல"ங்கிற பதில் மட்டும் வரக்கூடாது. பூட்டு திறக்கட்டும், சத்தத்துல காவல்காரன் முழிச்சுக்கட்டும். அடி தவறட்டும், எதிரி ஒதுங்கின இடத்துல இன்னொருத்தனுக்கு வழி கிடைக்கட்டும். தோத்தாலும் எதுவும் மாறாதுன்னா, பகடையையே உருட்டச் சொல்லாதீங்க. ஆடுறவங்க மேப்புக்கு வெளிய போனா விடுங்க. அந்தச் சுரங்கத்தை இன்னொரு ஊருக்கு அடியில வச்சுக்கலாம்.

அதுக்கும் மேல கோபம் இருந்தா ஆட்டத்தை நிறுத்திட்டுப் பேசுங்க. கோபப்பட்டவன் பாத்திரத்தைக் கதைக்குள்ள பழிவாங்குறது கேவலம். அதுக்காக டிஎம் எல்லாருக்கும் வேலைக்காரன்னு சொல்லல. வேணும்னே மத்தவங்க ஆட்டத்தைக் கெடுக்கிறவன்கிட்ட, தனியாக் கூப்பிட்டு நேராச் சொல்லிடணும். ஆனா என் நண்பன் அந்த ரகம் இல்ல. நான்தான் அவன் சொன்னதைக் கேட்கல.

போன மாசம் அவன் திரும்பி வந்தான். முதல் உருட்டலே 3. பூட்டு திறந்துச்சு, ஆனா கம்பி உள்ளேயே உடைஞ்சு மாட்டிக்கிச்சு. இனி கதவை மூட முடியாது, பின்னாடி துரத்துறவங்க வந்துட்டே இருக்காங்க. அஞ்சு பேரும் ஒரே நேரத்துல கத்தினாங்க, அவன்தான் எல்லாரையும் விடச் சத்தமா.

உங்க ஆட்டத்துல யாராவது போனை எடுத்தா, திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க: கடைசி அரை மணி நேரத்துல அவன் சொன்ன எதாவது ஒண்ணு கதையை மாத்துச்சா?